கோப்பி இருந்த விரதம்

செல்லப்பன் தன் நாய்க்கும் சேர்த்து விரதம் எடுத்துக்கொண்ட செய்தியை செம்பனை எண்ணெய் ஆலையின் எடைமேடையில் வைத்துத்தான் எனக்குச் சொன்னான். டிசம்பர் மழை மூன்று நாளாக விடவில்லை. அவன் லோரியில் ஏற்றி வந்த செம்பனைக் குலைகளிலிருந்து செம்மண் கலந்த நீர் வடிந்து மேடையின் இரும்புத் தகட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் புது மாலை.

"கிராணியாரே, இன்னிக்குக் காலையில மாலை போட்டாச்சு. தைப்பூசம் வரைக்கும் நாப்பத்தெட்டு நாளு. வீட்டுல கவுச்சியே கெடையாது. நானு, ராஜம்மா, பையன், கோப்பி, எல்லாரும்."

"கோப்பியுமா?"

"பின்ன? நாலு உசிரு இருக்கற வீட்டுல ஒன்னு மட்டும் கோழி எலும்ப கடிச்சிக்கிட்டு கெடந்தா அது விரதமா? அதுவும் எங்க வீட்டு ஆளுலா."

எடைமேடைக் கிராணி நான், கணக்கெழுதுகிறவன். எடைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். பின்னால் நின்ற லோரிக்காரன் ஹாரன் அடித்தான். "சாமி விஷயம் பேசறேன், கொஞ்சம் பொறுலா!" என்று அவனைப் பார்த்துக் கத்திவிட்டு, மறுபடி என்னிடம் திரும்பி, "நீங்களும் இருங்களேன். தனியாளு, ஆக்கித் திங்கறது மிச்சம்" என்றான். நான் மேடையின் விளக்கைப் பச்சையாக்கினேன்.

பண்டார் தெங்காராவில் எங்கள் தாமான் குடியிருப்பின் கடைசி இரண்டு வீடுகள் அவனுடையதும் என்னுடையதும். ஒரே சுவர். பின்பக்கம் இடுப்பளவுக்கு ஒரு தடுப்பு. என் அடுப்படி ஜன்னலில் நின்றால் அவர்கள் பின்கட்டு முழுவதும் தெரியும். வேலை முடிந்து வந்ததும் நான் நிற்கிற இடம் அது. புத்தகம் கையில் இருக்கும். கண் எங்கே இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவன் மனைவி ராஜம்மா கூலாய் பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக் கன்டீனில் சமைக்கிறவள். காலை ஐந்து மணிக்கு வேன் வரும். முந்நூறு பேருக்கு மத்தியானச் சோறு. மீன் செதில் எடுப்பது, கோழி வெட்டுவது, பொரிப்பது எல்லாம் அவளும் இன்னும் இரண்டு பெண்களும்தான். சாயங்காலம் வரும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். மீந்த சோறு, மீன் தலை, கோழித் தோல், குழம்பின் அடி. அது கோப்பிக்கு.

கோப்பி ஒரு காது கிழிந்த பொட்டை நாய். மகன் வசந்தன் நான்கு வருடத்துக்கு முன் ஜொகூர் பாரு பஸ் நிலையத்திலிருந்து சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி. அதற்கென்று ஒரு தட்டு அந்த வீட்டில் கிடையாது. ராஜம்மா வசந்தனின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். எதிரே நாய் உட்காரும். அவள் ஒரு வாய் எடுத்து மெல்லத் தொடங்கிய பிறகுதான் நாய் தன் பங்குக்கு வாயைத் திறக்கும். முதலில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிறகு அவளுக்கு ஒரு கை, அதற்கு ஒரு கை, அதே தட்டு, அதே விரல்கள். திறந்த பின்கதவு வழியாக இதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். அருவருப்பாக இருக்கும். ஆனாலும் பார்ப்பேன்.

விரதத்துக்குக் காரணம் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. வசந்தன் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய் இருட்டிய பின் திரும்புகிறவன். ஜூலையில் ஒரு மழை நாள் திரும்பி வரும்போது லோரிக்கு அடியில் போய்விட்டான். உயிர் மிஞ்சியது. வலது தொடைக்குள் இரும்புக் கம்பி வைத்தார்கள். எலும்பு கூடவில்லை என்றால் மறுபடி அறுக்க வேண்டும் என்றும், பிப்ரவரியில் படம் எடுத்துப் பார்த்துச் சொல்கிறோம் என்றும் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்றைக்கே செல்லப்பன் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டான். ராஜம்மாவும் தன் பங்குக்கு ஒன்று வேண்டிக்கொண்டாள். விரதம் முடிகிறவரை கன்டீனில் கவுச்சியைத் தொட்டாலும் வாயில் வைப்பதில்லை, குளிக்காமல் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதில்லை. அவள் பின்கட்டில், கொட்டுகிற மழையிலும், வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே போவாள். இதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

செல்லப்பன் சொல்லிக்கொண்டான். மாலை போட்ட மறுநாள் நாயைக் குளிப்பாட்டி, நெற்றியில் மூன்று கோடு விபூதி இழுத்து, முன்னால் ஒரு வாழையிலையில் சாம்பார் சோற்றை வைத்துப் படம் எடுத்தான். "எங்கள் வீட்டு விரதசாமி" என்று எழுதி கோயிலின் கைபேசிக் குழுவில் போட்டான். கைகூப்பிய படங்கள் வந்து குவிந்தன. நூற்று முப்பது பேர். வாயில்லாப் பிராணிக்கு இருக்கும் பக்தி மனிதனுக்கு இல்லையே என்று ஒருவர் உருகியிருந்தார். நான் அதே குழுவில் இருந்தேன். அந்த நூற்று முப்பது பேரில் ஒருவர்கூட, அந்த நாய் இலையைத் தொடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பதைக் கவனிக்கவில்லை.

இரண்டு நாள் அது ஒன்றும் தின்னவில்லை. மூன்றாம் நாள் தின்றது. அப்போது தெரிந்தது அதற்கு என்ன பிடிக்கிறது என்று. ராஜம்மா சாம்பாருக்குச் சின்ன வெங்காயத்தைத் தோலுரித்து முழுசு முழுசாக நெய்யில் வதக்கிப் போடுவாள். சோற்றை விட்டுவிட்டுக் கோப்பி அந்த வெங்காயத்தைத்தான் முதலில் தேடும். பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் தட்டில் கிடக்கிறதையும் பொறுக்கி அதன் வாயில் வைப்பாள். "இந்தா, ஒனக்குக் கறி இது. தின்னு என் ராசாத்தி."

கோயிலில் அன்னதானம் பார்க்கிற அய்யாவு மட்டும் ஒரு வெள்ளிக்கிழமை செல்லப்பனிடம் கேட்டார்.

"ஏம்பா, காவடி எடுக்கறவன் வெங்காயம் பூண்டு சேத்துக்கலாமா?"

"அது ஐயருங்களுக்கு அங்கிள். நாங்க லோரி ஓட்டறவங்க. வெங்காயம் இல்லாட்டி சோறு எறங்குமா?"

"நாய்க்குமா எறங்கல?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செல்லப்பனும் சிரித்தான். தன்னைப் பற்றி ஒரு கூட்டம் பேசுகிறது என்பதே அவனுக்குப் போதும். கேலியா பாராட்டா என்பதை அவன் தரம் பிரிப்பதில்லை.

வெங்காயம் நாய்க்கு ஆகாது என்பது எனக்குத் தெரியும். எப்போதோ ஒரு புத்தகத்தில் படித்தது. கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தை உடைத்துவிடும் என்று எழுதியிருந்தது. அவள் ஊட்டத் தொடங்கிய முதல் வாரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் சொல்லத்தான் தடுப்புச் சுவர் வரை போனேன். செல்லப்பன் காவடிக்கு மயிலிறகு துடைத்துக்கொண்டிருந்தான்.

"செல்லப்பா, அந்த நாய்க்கு..."

"வந்துட்டீங்களா? நாய்க்கு எதுக்கு விரதம்னு கேக்கப் போறீங்க. தெரியும்லா. நீங்கதான் சாமி கும்பிடாத ஆளாச்சே. ஒங்களுக்கு இதெல்லாம் வெளங்காது கிராணியாரே. புஸ்தகத்துல இருக்காது இது."

திரும்பி வந்து தேநீர் போட்டேன். கோபம் இல்லை. ஒரு மாதிரி குளிர்ச்சி. இவனுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் நெஞ்சுக்குள் சுகமாக உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் ஜன்னலில் நின்று, ராஜம்மா வெங்காயம் பொறுக்கி ஊட்டுவதைப் பார்த்தேன். அவர்கள் எல்லாரையும்விட எனக்கு ஒன்று கூடுதலாகத் தெரியும் என்பதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது நாயின் உயிர் சம்பந்தப்பட்டது என்பது நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய்.

ஜனவரியில் மழை வலுத்தது. தோட்டத்து மண்சாலை குழம்பாகி லோரிகள் சறுக்கின. குலை வரத்து குறைந்தது. எடைமேடையில் எனக்கு வேலை இல்லை. முப்பத்தாறாம் நாள் காலை வீட்டில்தான் இருந்தேன். பின்கட்டில் ராஜம்மாவின் குரல் கேட்டது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. படி ஏற மாட்டேங்குது."

"மழைக்குச் சோம்பலு. விடு."

"சோம்பல் இல்லங்க. மூத்திரம் பாருங்க, சாயத்தண்ணி மாதிரி செவப்பா போவுது."

செல்லப்பன் குனிந்து பார்த்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தான்.

"அதான் நல்லது. கவுச்சி தின்ன ஒடம்பு. உள்ள இருக்கற அழுக்கெல்லாம் எறங்குது. முப்பத்தாறு நாளு விரதம் சும்மாவா? எனக்கே ஒடம்பு எவ்ளோ லேசா இருக்குது தெரியுமா?"

லோரி எடுக்கப் போய்விட்டான். அன்று ஞாயிறு, அவளுக்கு வேன் இல்லை. நாயின் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து தடுப்புக்கு வந்தாள். நான் ஜன்னலை விட்டு நகர்வதற்குள் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, காடி இருக்குல்ல? கொஞ்சம் கூலாய் வரைக்கும் கொண்டு போறீங்களா? நாய் டாக்டர் அங்கதான இருக்காங்க?"

"வா" என்று கார் சாவியை எடுத்தேன்.

உள்ளேயிருந்து வசந்தன் கத்தினான். "அம்மா, வாயத் தொறந்து பாரு! எகிரு என்ன நெறம்னு பாரு!"

அவள் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்ததும் தன் பழைய சேலையில் நாயைச் சுற்றித் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடி வந்தாள்.

கிளினிக்கில் இளம் சீனப் பெண் டாக்டர். மலாயில்தான் பேசினார். நாயின் உதட்டை மடக்கிப் பார்த்தார், கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், ஊசியில் இரத்தம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்வந்தார். என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

"நாசி" என்று மலாயில் சோற்றைச் சொன்னாள் ராஜம்மா. "நாசி, சாம்பார், காய். நாங்க என்ன சாப்படறமோ அதே." சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருந்தது. வேறு எவரும் தன் நாயை இப்படி வைத்திருக்க மாட்டார்கள் என்கிற மாதிரி.

சாம்பாரில் என்னென்ன போடுவீர்கள் என்று டாக்டர் கேட்டார். பருப்பு, புளி, கத்தரிக்காய் என்று மலாயும் தமிழும் கலந்து அவள் அடுக்கினாள். பாவாங் உண்டா என்று டாக்டர் கேட்டார். வெங்காயம்.

"ஆமா, ஆமா. சின்ன பாவாங். அதுன்னா இதுக்கு உசிரு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். மெதுவாக, பாடம் சொல்வதுபோலச் சொன்னார். வெங்காயம் நாய்க்கு விஷம். வதக்கினாலும் வேகவைத்தாலும் விஷம்தான். ஒரு நாளில் வந்ததல்ல, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் இரத்தம் உடைந்திருக்கிறது. மூன்று நாள் இங்கேயே இருக்கட்டும். பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய் ஈரல், கோழி, முட்டை, உப்பில்லாமல் வேகவைத்துக் கொடுங்கள். சாப்பிட்டால் இரத்தம் ஊறும், பிழைக்கும். சாப்பிடவில்லை என்றால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

ராஜம்மா தன் வலது கையைத் திருப்பி விரல்களைப் பார்த்தாள். அவ்வளவுதான். நான் சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது இருபுறமும் செம்பனை. மழைக்குக் கண்ணாடித் துடைப்பான் போதவில்லை. பாதி வழி வரை அவள் நாயைச் சுற்றிய பழைய சேலையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது.

"அண்ணே."

"சொல்லும்மா."

"டாக்டர் பாவாங்னு சொன்னப்ப நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க."

நான் வேகத்தைக் குறைத்தேன்.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"படிச்சிருக்கேன்."

"எப்ப?"

"ரொம்ப வருஷம் ஆச்சு."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"செல்லப்பன் கேக்கற ஆளா? சொல்ல வந்தேன். அவன் பேசவே விடல."

"அவரு கேக்க மாட்டாரு. நான் கேட்டிருப்பேன்ல? தெனம் அந்தச் செவுத்துகிட்டதான துணி காயப்போடறேன்? நீங்க ஜன்னல்ல நின்னுக்கிட்டுப் பாத்துக்கிட்டுதான இருந்தீங்க? நான் ஊட்டறத எல்லாத்தையும் பாத்தீங்கதான?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரரு ஒரு மடையன். அவருக்குத் தெரியாது. தெரியாமச் செஞ்சாரு" என்றாள். மேற்கொண்டு சொல்லவில்லை. வீடு வரும்வரை நான் அந்த வாக்கியத்தின் மிச்சத்தை மனதுக்குள் பல விதமாக முடித்துப் பார்த்தேன். ஒன்றும் எனக்குச் சாதகமாக வரவில்லை.

செல்லப்பன் செய்தியைக் கேட்டுவிட்டுச் சொன்னது இது: "வெங்காயமா? அலமாக்! நாமளுந்தான் திங்கறோம், நமக்கு என்ன ஆச்சு? அது கண்ணு பட்டது. நூத்து முப்பது பேரு பாத்தானுங்கல்ல, அதுல ஒருத்தன் கண்ணு."

மூன்று நாள் கழித்துக் கோப்பி வந்தது. தோல் பைக்குள் எலும்பைப் போட்டு வைத்தது போல இருந்தது. வசந்தனின் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அன்று சாயங்காலம் ராஜம்மா கன்டீனிலிருந்து கோழி ஈரல் கொண்டுவந்தாள். குளித்துவிட்டு, பையைப் பின்கட்டிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். செல்லப்பன் கதவை மறித்துக்கொண்டு நின்றான்.

"இன்னும் எட்டு நாளுதான். எட்டே நாளு. அதுக்கப்பறம் முழுக் கோழி வாங்கித் தரேன்."

"எட்டு நாளு தாங்காதுங்க."

"அடுப்புல இத வெச்சேன்னா நாப்பது நாளு தண்ணியில போச்சு. எம் புள்ள காலு, ராஜம்மா. நாயிக்கு ஒன்னு ஆச்சுன்னா இன்னொரு நாயி. எம் புள்ளைக்கு இன்னொரு காலு எங்க வாங்கறது?"

அவள் அசைந்துவிட்டாள். அது முகத்தில் தெரிந்தது. கால் என்ற சொல் வந்தால் அவளால் எதிர்க்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். அந்த மழைநாளில் ஆஸ்பத்திரி வாசலில் அந்தக் காலைப் பார்த்தவள் அவள்.

செல்லப்பன் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் திரும்பினான். "கிராணியாரு வீட்டுல ஆக்கேன். அவருக்குத்தான் சாமியும் கெடையாது, விரதமும் கெடையாது. அங்க வெச்சே தின்னட்டும்."

"தாராளமா" என்றேன். அவசரமாகச் சொன்னேன். ஏதோ ஒன்றை இதில் கழித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறேன்.

அவள் என் அடுப்படியில் ஈரலை வேகவைத்தாள். தட்டு எங்கே என்றுகூடக் கேட்காமல் தானே தேடி எடுத்தாள். செல்லப்பன் நாயைத் தூக்கி வந்து என் தரையில் இறக்கிவிட்டு, வாசம் படாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினான். ஈரலை ஆற்றி, சின்னதாகக் கிள்ளி, நாயின் வாயருகே கொண்டு போனாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடி வைத்தாள். மறுபடி திருப்பியது. பழக்கம். அவள் முதலில் சாப்பிட வேண்டும்.

ராஜம்மா வெறும் விரல்களைத் தன் வாய்க்குக் கொண்டுபோய் மென்றாள். நாக்கைத் தட்டிச் சத்தம் எழுப்பினாள். "ம்ம். நல்லாருக்கு. இந்தா." நாய் அவள் வாயைப் பார்த்தது. விரலைப் பார்த்தது. தலையைத் தரையில் வைத்துக்கொண்டது.

"நான் சாப்பிட்டுக் காட்டவா?" என்றேன்.

"ஒங்க கைய அதுக்குத் தெரியாது" என்றாள் என்னைப் பார்க்காமல்.

நான் ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டும் காட்டினேன். உப்பில்லாத, மண் மாதிரி ஒரு ருசி. நாய் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. மூன்று முறை வாந்தி எடுப்பதுபோல வயிற்றை இழுத்தது, ஒன்றும் வரவில்லை. அவள் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சட்டியில் ஈரல் அப்படியே இருந்தது. அன்று நான் அதைக் கொட்டிவிட்டு, சட்டியைக் கழுவாமல் வைத்திருந்தேன்.

மறுநாளும் மழை. சாயங்காலம் ஆலையிலிருந்து வந்தேன். பின்கட்டில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு அவள் ஈரச் சேலையோடு ஒரு பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என் வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் அவர்கள் அடுப்படியிலிருந்து அந்த வாசம் வந்தது. இப்போது ஜன்னலில் நிற்க முடியவில்லை. வெளியே வந்து, சுற்றிக்கொண்டு அவர்கள் முன்வாசல் கம்பிக் கதவருகே போய் நின்றேன். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

ராஜம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தான் எப்போதும் சாப்பிடுகிற அந்த எவர்சில்வர் தட்டில் நாலைந்து ஈரல் துண்டுகள். கோப்பியை இழுத்து அதன் தலையை மடிமேல் வைத்திருந்தாள். சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அவள் அணைக்கவும் இல்லை, திரை போடவும் இல்லை.

வசந்தன் முழங்கையை ஊன்றி எழுந்தான். "அம்மா, குடு, நான் சாப்படறேன். என் கையிலயும் அது தின்னும். எனக்காகத்தான விரதம், நானே ஒடைச்சிட்டுப் போறேன்."

"நீ தொடாத."

"ஏம்மா?"

"நீ தொட்டா ஒங்காலுக்கு வந்துரும்னு எனக்குப் பயமா இருக்கு. அது உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது. நீ அந்தப் பக்கம் திரும்பிக்க."

அப்போதுதான் செல்லப்பன் வந்தான். சாரத்தை மடித்துக் கட்டி, கோயிலுக்குப் போகக் குடையோடு உள்ளறையிலிருந்து நடைக்குள் வந்தவன், மூக்கைச் சுளித்து நின்றான். தட்டைப் பார்த்தான்.

"ராஜம்மா. என்னா இது?"

"ஈரலு."

"சாமி வெளக்கு எரியுது!"

"எரியட்டும். பாக்கட்டும்."

"எம் புள்ள காலு..."

"எனக்கும் புள்ளதான் அவன்." குரலை உயர்த்தவில்லை. விளக்கின் பக்கம் திரும்பினாள். "முருகா, இது அவன் செய்யல. அவங்கப்பாவும் செய்யல. நான் செய்யறேன். என்ன வருதோ எனக்கு வரட்டும். எங்கால எடுத்துக்க."

ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். நாற்பத்தொரு நாளாகத் தலையில் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் காத்ததை மென்று விழுங்கினாள். தொண்டையில் அது இறங்குவது தெரிந்தது. நாய் தலையைத் தூக்கி அவள் தாடையைப் பார்த்தது. அடுத்த துண்டை அதன் வாயருகே கொண்டு போனாள். முகர்ந்தது. நக்கியது. பிறகு எடுத்துக்கொண்டது. மெல்ல முடியாமல் இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளி, கடைசியில் விழுங்கியது.

அவளுக்கு ஒன்று, அதற்கு ஒன்று. வசந்தன் கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். செல்லப்பன் அதே இடத்தில் நின்றான். நாற்பத்தொரு நாள் கவுச்சி காணாதவன். ஈரல் வாசம் நடை முழுவதும் நிறைந்திருந்தது. அவனுடைய குரல்வளை ஒரு முறை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.

"உப்புக்கூடப் போடலியா?" என்று கேட்டான்.

ராஜம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு கம்பிக் கதவுக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தாள். இருவரையும் ஒரே மாதிரி பார்த்தாள்.

"கோயிலுக்குத்தான கெளம்பினீங்க? போங்க. அந்த அண்ணனையும் கூட்டிக்கிட்டுப் போங்க. மழையில நின்னுக்கிட்டு இருக்காரு. ரெண்டு பேரும் நல்லாக் கும்புட்டுட்டு வாங்க."

தட்டை இன்னும் கொஞ்சம் நாயின் பக்கம் நகர்த்திக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்களில் யாரும் அங்கே இருப்பதாகவே அவள் காட்டிக்கொள்ளவில்லை.

செல்லப்பன் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். குடையை விரித்தான். நான் வருவேன் என்று அதை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தபடி நின்றான். நான் என் வீட்டுக்குள் போயிருக்கலாம், பத்தடிதான். போகவில்லை. அவன் குடைக்குள் போய் நின்றேன். விபூதியும் வியர்வையுமாக அவன் தோள் என் தோளில் உரசியது. தாமானின் சாலையில் கணுக்கால் அளவு தண்ணீர். அதில் இருவரும் நடந்தோம்.

"பொம்பளைங்களுக்கு விரதம்னா என்னான்னு தெரியாதுலா கிராணியாரே" என்றான். "நீங்களே சொல்லுங்க. நான் சொல்றது தப்பா?"

நான் குடைக்குள் இன்னும் கொஞ்சம் நெருங்கிக்கொண்டேன்.